மழை வேண்டாத இரவு

திங்கள் காலை ஒன்பதரைக்கு ஓரியண்டேஷன், நாகர்கோவிலில்.
வாட்ஸப்பில் வந்த பட்டியலை அம்மைக்கு வாசித்துக் காட்டினேன்.
மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மூன்று நகல்கள்,
ராகிங் செய்யமாட்டேன் என்று கையெழுத்திட்ட தாள்,
பாஸ்போர்ட் அளவு படம் ஆறு.
கடைசி வரியை மட்டும் வாசிக்கவில்லை.

சார்ஜில் போடும் சாக்கில் போனை எடுத்து
அவளே வாசித்துவிட்டாள்:
பெற்றோரில் ஒருவர் கட்டாயம் உடன் வரவேண்டும்.
"நாளைக்கு மழையிண்ணா பால்வெட்டு இல்ல மக்கா,
நானும் வாறேன்."

குலசேகரத்தில் ஆனி மாத மழை
யாரையும் கேட்டு வருவதில்லை.
ஆனாலும் அன்று சாயங்கால ஜெபத்தில்
அம்மை கண்மூடியிருந்தபோது
மழை வேண்டாம் என்று கேட்டேன்.
வெட்டுக்கூலி போய்விடுமே என்று
ஆண்டவரிடம் ஒரு காரணமும் சொன்னேன்.

காரணம் அதுவல்ல.
ரப்பர் பாலும் ஆசிட்டும் புகைப்புரையும் சேர்ந்து
அவள் முடியில் குடியிருக்கும் வாடை.
பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள்
டியூஷனுக்குக் குடை கொண்டுவந்தாள்.
பின்பெஞ்சில் ஒருத்தி மூக்கைப் பொத்தினாள்.
அம்மை அதைப் பார்க்கவில்லை
என்றுதான் நினைத்திருந்தேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு
கிணற்றடியில் தண்ணீர் கோரும் சத்தம்.
இந்த நேரத்தில் அம்மை தலை கழுவுகிறாள்.
துவைகல்லின் மேல்
பிய்த்துப் போட்ட ஷாம்பூ பாக்கெட்
ஒன்றல்ல,
மூன்று.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன்.
மழை வரட்டும் என்று இப்போது கேட்டால்
எந்த ஜெபம் செல்லும்?

இரண்டே முக்காலுக்கு விழித்தபோது
ஓட்டின் மேல் ஒரு துளி இல்லை.
வானம் நிறைய நட்சத்திரம்.
அம்மை நெற்றிவிளக்கைக் கட்டிக்கொண்டு
எனக்குக் கேட்காமல் கதவைச் சாத்தினாள்.
நீலச் சேலை
தேய்த்தபடி நாற்காலியில் கிடந்தது.

ஆணியில் தொங்கிய மற்ற விளக்கை எடுத்தேன்.
மற்ற கத்தியையும்.

"கை நாறும் பிள்ளே, போ."
நான் போகவில்லை.
மேல்தட்டு அவளுக்கு, கீழ்த்தட்டு எனக்கு.
இருநூற்றெண்பதில் பாதி.
பால் எடுக்க நிற்க நேரமில்லை;
"சிரட்டையிலே கெடந்து உறையட்டும்,
ஒட்டுப்பாலுக்கு என்ன கிட்டுமோ கிட்டட்டும்" என்றாள்.
முதலாளி திட்டுவதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

வரிசை வரிசையாய் மரங்கள்,
ஒவ்வொன்றும் இடுப்பில் பிளாஸ்டிக் பாவாடையோடு
யாரோ பேசப்போவதைக் கேட்க நிற்பதுபோல்.
பட்டையில் கத்தி இறங்கும்போது
மனப்பாடம் செய்ததைச் சொல்லிப் பார்த்தேன்:
குட் மார்னிங். மை நேம் ஈஸ் அஜிலா.
மேலிருந்து ஒரு குரல்:
"ஒறக்கச் சொல்லு, இஞ்ச கேக்கல்ல."

உரக்கச் சொன்னேன்.
ஐ கம் ஃப்ரம் குலசேகரம்.
மை மதர் ஈஸ் எ —

தாளில் ஹவுஸ்வைஃப் என்று எழுதியிருந்தேன்.
அந்த மரத்தில் பால் சிரட்டைக்கு வந்து சேரும்வரை
விளக்கை அசைக்காமல் நின்றேன்.

பால்வெட்டுகாரிக்கு இங்கிலீஷில் என்ன?
ரோட்டுக்கு ஏறினால் சிக்னல் கிடைக்கும், பார்க்கலாம்.
ஏழு மணி பஸ்.
கீழ்த்தட்டில்
இன்னும் அறுபது மரம்.