ஐந்தாவது படத்தில் எழும்பி ஓடியவன்

கிளிநொச்சியில் குறும்பட விழா.
இசைக்கு நடுவர் மூவர்:
சங்கீத ஆசிரியை திலகேஸ்வரி,
கனடாவிலிருந்து லீவில் வந்த கீபோர்ட்காரர்,
பிறகு நான்,
ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன்.
வருவதாகச் சொன்னவர் வரவில்லை.
"பெட்டி உங்கடதுதானே, நீங்களும் இருங்கோ" என்றார்கள்.

படிவத்தில் நான்கு கட்டம்.
மெட்டு, வாத்தியம், பதிவு, பொருத்தம்.
கட்டத்துக்கு இருபத்தைந்து.

மூன்றாவது படத்தில் வயலின்கள் வந்தன,
ஒரு லொறி நிறைய.
கதாநாயகிக்குக் கண் கலங்க முதலே
அவை அழுது முடித்து மூக்கும் சிந்திவிட்டன.
சிவரஞ்சனி என்றார் ஆசிரியை, கண்ணை மூடி.
எனக்கு ராகம் தெரியாது.
செத்தவீடுகளுக்குப் பெட்டி கட்டினவன்.
அழுகிறவர்களுக்கு மேலால் சத்தம் வைக்கக் கூடாது,
அவ்வளவுதான் தெரியும்.

ஐந்தாவது, ஒட்டுசுட்டான் பெடியன் யதுசனின் இசை.
ஒரு பெண் தன் காணிக்குத் திரும்பி வந்து
பனைகளை எண்ணுகிறாள்.
பதினொன்று.
மறுபடி எண்ணுகிறாள்.
இசையே இல்லையே என்று
பொருத்தத்துக்கு நேரே சைபர் போட்டேன்.

கிணற்றுக்குள் அவள் எட்டிப் பார்த்தபோது
ஏதோ நின்றது.

பாய்ந்து எழும்பி ஓடினேன்.
அம்பில் சிவப்பு லைட் எரிந்தது.
வயர் கழரவில்லை. ஃபான் சுற்றியது.
திரும்பினால்
மண்டபத்தில் பாதிப்பேர் கூரையைப் பார்க்கிறார்கள்.
சத்தம் நின்றால் மேலே பார்ப்பது
எங்கள் வயதுக்காரருக்குப் பழக்கம்.

அப்போதுதான் விளங்கிற்று.
முதல் காட்சியிலிருந்தே ஒரு தாழ்ந்த சுரம் ஓடியிருக்கிறது,
தோட்டத்துக்கு இறைக்கும் மோட்டரின் முனகலாய்,
பக்கத்துக் காணியில் ஆள் இருக்கிற மாதிரி.
இருந்தவரை கேட்கவில்லை.
போனபிறகு கேட்டது.
கிணற்றடியில் அவளோடு நானும் தனித்து நின்றேன்.

சைபரை வெட்டி இருபத்தைந்து போட்டேன்.
இன்னும் போட எந்தக் கட்டம் என்று கேட்டேன்.
"ரூல்ஸ் மாத்தேலாது அண்ணை"
கனடாக்காரர் அன்பாகத்தான் சொன்னார்.
வயலின் வென்றது, இரண்டுக்கு ஒன்று.

பரிசளிப்பில் அது முழங்கியது என் பெட்டிகளில்தான்.
குறை சொல்லேலாது, பதிவு சுத்தம்.
வாடகையையும் எண்ணி வாங்கினேன்.

இரவு வயர் சுற்ற உதவிக்கு வந்தான் யதுசன்.
"எங்கட படம் பாத்தனீங்களோ?"
"பாத்தன். கிணத்தடியில
என்ர அம்ப் எரிஞ்சு போச்செண்டு ஓடினனான்."

அவன் சுற்றுவதை நிறுத்தினான்.
"திருப்பிச் சொல்லுங்கோ" என்றான்.