இடம்

பிப்ரவரி. துர்க்கு நகரின் ஔரா ஆறு
உறைந்து கிடக்கிறது.
காலை ஏழு மணிக்கும் இருட்டுதான்.
தூலிக்கி ஹார்யன்னே காலணிப் பனியை உதறிவிட்டு
மூன்றாம் மாடியில் ஜெல் கலக்குகிறாள்.

மார்பின் மென்மையில் தட்டுகள். எல்லாவற்றிலும்
ஒரே செல்கள்,
ஒரே எழுத்துப்பிழை சுமந்த மரபணு.

ஒரு வெள்ளிக்கிழமை கை தவறியது.
இழைகளைப் பிணைக்கும் திரவம்
ஒரு தட்டில் இரண்டு முறை விழுந்துவிட்டது.
யாரிடமும் சொல்லவில்லை.
கொட்டவும் மனம் வரவில்லை.
மூடிமேல் ஒரு கேள்விக்குறி போட்டு
முப்பத்தேழு டிகிரிக்குள் தள்ளிவிட்டு
மகனை ஹாக்கியிலிருந்து கூட்டிவரப் போனாள்.

பதினோராம் நாள், நுண்ணோக்கியில்:
மற்ற தட்டுகளில் அவை
உருண்டு திரண்டு
குளிருக்கு ஒண்டியவை போல் உட்கார்ந்திருந்தன.
கேள்விக்குறியின் கீழே
வட்டம் கலைந்திருந்தது.
கொலாஜன் இழையைத் தம் பக்கம் இழுத்து, நிமிர்த்தி,
அதையே தடமாக்கி
விளிம்புக்குப் போய்க்கொண்டிருந்தன.

யாரும் அவற்றுக்கு எதுவும் கற்றுத்தரவில்லை.
தரை இறுகியது, அவ்வளவுதான்.

செல்லின் தோலெங்கும் இன்டெக்ரின்.
கை என்பதா, காது என்பதா அதை?
பற்றி இழுத்துப் பார்க்கும்.
தரை நெகிழ்ந்தால் பேசாமலிருக்கும்.
நெகிழாவிட்டால் உள்ளே சொல்லியனுப்பும்:
பெருகு. கிளம்பு.

அவள் கணவன் அஹ்தியும்
மீன்பிடிக்கப் போகையில் ஏரிப்பனியை
இரும்புக்கோலால் தட்டிக்கொண்டே நடப்பான்.
கெட்டி என்று ஓசை சொன்னால்தான்
அடுத்த அடி.

இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் என்போம் நாம்.
பிடுங்கியவனைத்தான் இத்தனை காலம் விசாரித்தோம்.
இடத்திடம்
ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்தக் கைகளைக் கட்டிப்போடும் எதிர்ப்பொருளை
ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள்.
வியாழனன்று சில மறுபடி உருண்டிருந்தன,
பிழை அப்படியே உள்ளிருக்க.
சில நின்ற இடத்தில் நின்றன.
இரண்டு, போய்க்கொண்டே.

குறிப்பேட்டில் எழுதினாள்:
'திரவம் இருமடங்கு. என் தவறு.'
கொஞ்சம் யோசித்து
'தவறு' என்பதன் கீழே கோடு போட்டாள்.

செல்களைத் தந்தவள்
தட்டின்மேல் வெறும் எண், நாற்பத்தொன்று.
குளிக்கையிலோ, சட்டை மாற்றுகையிலோ
அவள் விரல் ஒருநாள் நின்றிருக்கும்,
இங்கே ஏதோ கெட்டியாக, என்று.

அதே கெட்டியை
உள்ளிருந்து
ஒரு செல்
முன்பே தொட்டுப் பார்த்திருந்தது.