காரணம் ஒரு வரிக்கு மிகாமல்

படிவத்தின் நாலாம் பக்கத்தில் இரண்டு கட்டங்கள்.
நீட்டிப்பு வேண்டும்.
நீட்டிப்பு வேண்டாம்.
கீழே காரணம் எழுத ஒரு வரி விட்டிருக்கிறார்கள்.
என் கையெழுத்துக்கு ஆறு சொல் பிடிக்கும்.

வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். இன்று புதன்.
கேம்ப் ரோடு சிக்னலில்
நாலாவது பச்சைக்குக் காத்திருக்கிறேன்.
காலையில் இதே இடத்தை மேலிருந்து
எட்டு வினாடியில் கடந்தேன்.

இடுப்புக்கு மேலே
நாலாவது ஐந்தாவது எலும்புக்கு நடுவில்
ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்றார்
வேளச்சேரியில் ஒரு டாக்டர்.
வேளச்சேரியில்தான் காட்ட வேண்டும்.
ஸ்டேஷன் மருத்துவரிடம் காட்டினால் கோப்புக்குள் போகும்,
கோப்பு என்னைத் தரையில் உட்கார வைக்கும்.
ஸ்கேனுக்கு ஏழாயிரம், ரொக்கமாக.
தொழில் என்ற இடத்தில் ஆசிரியை என்று எழுதினேன்.
பொய்யில்லை.
காற்றில் அசையாமல் நிற்பதை
எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று
கற்றுக்கொடுக்கிறேன்.

வலது காதில் குக்கர் விசில் விழுவதில்லை.
பொற்செல்வன் விரல்விட்டு எண்ணிக் காட்டுவான், மூன்று, நான்கு.
அவன் இதுவரை சொன்னதெல்லாம்
"உன் இஷ்டம்."
நம் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு நாலு அர்த்தம்.
நாலும் அவன் முகத்தில் இருந்தது,
சோழிங்கநல்லூர் பஸ்ஸுக்கு ஷூ மாட்டும்போது.

குர்பீந்தர் போன மாதம் கூப்பிட்டான்.
பெங்களூரில் வீடு, மூன்றரை மடங்கு சம்பளம்,
முதுகுக்குப் பதமான இருக்கை.
"ஆனால் உன் கதை வேறு" என்றான்.
தெரியும்.
என் இரண்டாயிரத்து நூறு மணி நேரமும்
தலைக்கு மேலே சுழன்றவை.
ஏர்லைன்காரன் தராசில் அவை உமி.
மறுபடி ஒரு குட்டி விமானத்தில்
சின்னப் பசங்களோடு முதலிலிருந்து.
நாற்பது லட்சம் ஆகும்.
மாடம்பாக்கம் வீட்டுக்கடனில்
இன்னும் முப்பத்தொன்று பாக்கி.

நீட்டித்தால் அடுத்த ஊர் அசாம்.
அதற்கடுத்தது யாருக்குத் தெரியும்.
நாலு வருடம் கழித்து
பென்ஷன் இல்லாமல் இதே சிக்னல்.

டிசம்பர் வெள்ளத்தில்
முடிச்சூருக்கு மேல் நின்றோம்.
நேகி சார் ஓட்டினார், நான் துணை இருக்கை.
ஒரு மொட்டைமாடியில்
பச்சை நைட்டி போட்ட அம்மா ஒருத்தி
ரேஷன் கார்டு, பத்திரம், மார்க் ஷீட் எல்லாம்
செங்கல் வைத்துக் காயப்போட்டிருந்தாள்.
சாப்பாட்டுப் பொட்டலம் போவதற்குள்
எங்கள் காற்று போய்விட்டது.
காகிதமெல்லாம் தண்ணீரில்.
அவள் பொட்டலத்தைத் தொடவில்லை,
அண்ணாந்து கையை ஆட்டினாள், வாய் ஓயவில்லை.
"நன்றி சொல்கிறாள்" என்றார் நேகி சார்.
வாயசைவு எனக்குப் புரிந்தது.
"ஆமாம் சார்" என்றேன்.

இந்தப் பத்து வருடத்தில்
வேலை நேரத்தில் யாரும் என்னைத்
தமிழில் திட்டியது அந்த ஒரு முறைதான்.
ஏனோ அதை நினைத்தால்தான்
காலை ஐந்து மணிக்கு எழ முடிகிறது.
இதை எந்த வரியில் எழுத?

இரவு அமிழ்தா நோட்டைக் கொண்டுவந்தாள்.
மூன்று ஊர், மூன்று பள்ளிக்கூடம்.
ஜோத்பூரில் பேசிய இந்தியை மறந்துவிட்டாள்,
ஹைதராபாத்தில் பாடிய தெலுங்கு பாதி நிற்கிறது.
"பளம் இல்லம்மா, பழம்.
டீச்சர் நாக்கை மடிக்கச் சொன்னாங்க."
மடித்துக் காட்டினாள்.
பக்கம் முழுக்க ழ,
கோணலாக, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து.

மகளுக்கு ழ இப்போதுதான் வருகிறது.
நாலே சொல். வரியில் இடம் மிச்சம்.
ஆனால் படிவம் ஆங்கிலத்தில்,
அந்த எழுத்து அங்கே கிடையாது.

நாளைக்கு ஆறேகாலுக்கு முதல் பறப்பு.
மேகம் நானூறு அடியில் என்கிறார்கள்.
விலகாவிட்டால் தரையில்தான் இருப்பேன்,
பேனாவும் பையில் இருக்கும்.