பேராதனைக்குப் போன ஈரல்

செவ்வாய் விடியலில் ஒன்று.
பக்கவாட்டில் சாய்ந்து, கால்களை நீட்டி,
பஸ்ஸில் பொடியன்கள் தூங்குகிற மாதிரி.
காயமில்லை. ஒரு இறகு உதிரவில்லை.
இரைப்பையைத் தொட்டுப் பார்த்தேன்:
முந்தின மாலை போட்ட தவிடும் கோவா இலையும்
இன்னும் கனத்துக் கிடந்தன.
சாகப்போகிற ஒன்று
இவ்வளவு நம்பிக்கையோடா தின்னும்?

கீரி, என்றார் மாயழகு.
கீரி என்றால் கழுத்து இருக்காதே.

வியாழன் இரண்டு.
அதிலொன்று பெரிய சேவல், பன்னிரண்டு கிலோ,
கோபம் வந்தால் தாடைச் சதை நீலமாகும்,
கணக்கப்பிள்ளையின் மோட்டார் சைக்கிளை
மடுவத்துப் பாதையில் மறித்து நின்ற வீரன்.
கூட்டுக் கதவைத் திறந்தபோது
மறிப்பதற்கு எழுந்துவரவில்லை.

பிறகு சந்தேகத்துக்குக் கால் முளைத்தது.
ஏழாம் நம்பர் மலைக்கு அடித்த புல் மருந்து.
பீலித் தண்ணீர்.
கண்ணூறு.
அதற்கப்புறம், சொல்ல வெட்கமாயிருக்கிறது,
பக்கத்துக் காம்பரா பவளக்கொடி.
அவளுடைய நாட்டுக்கோழிகள் ஒன்று குறையாமல்
என் வாசலில் கொழுத்துத் திரிந்தன.

கேட்டுவிடத்தான் போனேன்.
அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது.
செத்ததைத் தூக்கின கை,
முதல்ல கழுவுங்க என்று
சவர்க்காரத்தை நீட்டினாள்.
கழுவிக்கொண்டு திரும்பினேன்.

ஞாயிறு ராத்திரி மூன்று.
ஒன்றை ரெஜிபோம் பெட்டியில் கட்டி
பொகவந்தலாவையில் பஸ் ஏறினேன்.
நோர்வூட் தாண்டும்போது பக்கத்திலிருந்தவர்
மீனா என்றார்.
ஆமாம் என்றேன்.

ஹட்டனில் மிருக டொக்டர், ஒரு சின்னப் பெண்,
குமாரிஹாமி என்று சட்டையில் எழுதியிருந்தது.
கத்தியை மெதுவாகத்தான் வைத்தார்.
மஞ்சள் கொழுப்பு, ஈரல், கைக்குள் அடங்கும் இதயம்.
இரண்டு வருசம் தீனி போட்டும்
உள்ளே இப்படியொரு வீடு இருந்தது எனக்குத் தெரியாது.
கோழிகளோடு சேர்ந்தா மேயுது?
லயத்தில் வேலி ஏது டொக்டர்.
ஈரலில் ஒரு துண்டு குப்பிக்குள் இறங்கியது.
பெயர் எழுதி, திகதி எழுதி, முத்திரை குத்தி
பேராதனைக்கு.

அப்போதுதான் செவனம்மா நினைவுக்கு வந்தாள்.
போன ஐப்பசி, நாலாம் நம்பர் மலை,
நிறுவைக்கு நின்ற வரிசையில்
கூடையை இறக்காமலே சரிந்தாள்.
நாற்பத்தொரு வயது.
காலையில் என்னோடுதான் ரொட்டி தின்றாள்,
சம்பல் உறைப்பு என்று என்னைத் திட்டிக்கொண்டே.
யாரும் எங்கேயும் எதையும் அனுப்பவில்லை.
மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.
மழை வரும் போலிருந்தது,
பின்னேரமே முடித்துவிட்டோம்.
நானும்தான் அவசரப்பட்டேன்.

திரும்பிவந்தபோது இன்னொன்று.
அடுத்த கிழமைக்குள் இன்னும் மூன்று.
நல்ல இறைச்சி, மண்ணுக்கா, என்றார் மாயழகு,
பிறகு அவரே மண்வெட்டி எடுத்தார்.
சுண்ணாம்பு தூவினோம்.
நத்தாருக்கு ஆறு சேவல் என்று
நுவரெலியா ஹோட்டல்காரர் தந்த முற்பணம்
தகரமாகக் கூரையில் கிடக்கிறது.
எப்படி ஒன்றுமே தெரியாமல் சாகும்,
என்று போனில் கத்தினார்.
அதைத்தான் ஐயா நானும் கேட்கிறேன்.

மூன்றாம் கிழமை கடிதம் வந்தது, சிங்களத்தில்.
பார்மசிப் பையன் வாசித்துச் சொன்னான்:
விசேடமாக ஒன்றும் காணப்படவில்லை.
இன்னொரு தடவை வாசி தம்பி.
வாசித்தான்.
பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன், வெறும் தாள்.
அதை மடித்துக்
குடும்ப அட்டைக்குள் வைத்திருக்கிறேன்.

ஐந்தரைக்குத் தொழிற்சாலைச் சங்கு.
முன்பெல்லாம் சேவல்கள் ஆறும்
ஒரே மூச்சில் பதில் சொல்லும்,
லயமே எழுந்து என்னைத் திட்டும்.
இப்போது மிஞ்சியது ஒரு பெட்டை.
சங்கு ஓய்ந்த பிறகும் தலையைச் சாய்த்து நிற்கிறது,
வேறு யாரோ பேசவேண்டிய முறை என்பதுபோல.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து
பவளக்கொடி கேட்கிறாள்:
இருக்கா?

பனியில் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு,
இருக்கு.