காதில் தங்கியது

செட்டியார் தெருவில் நகை நிறுக்கிறவர்.
ஒரு செவ்வாய் முற்பகல்
தராசுத் தட்டைப் பார்த்தபடி
'பவுண்' என்ற சொல்லைத் தேடினாராம்.
பதினொரு நிமிடம் அது வரவில்லை.
பிறகு, ஒன்றும் நடவாததுபோல் வந்தது.

இன்று என் அறையில் படுத்திருக்கிறார்.
கோப்பில்: ச. பரஞ்சோதிநாதன், வயது அறுபத்தாறு.
ஈசீஜித் தாளில் துடிப்புகள்
மழைநாளின் காலி வீதி பஸ்கள்:
இரண்டு முட்டிக்கொண்டு வரும்,
நெடுநேரம் ஒன்றுமில்லை,
பிறகு மூன்று.

டொக்டர் தொண்டை வழியே குழாயை இறக்குகிறார்.
திரையில் நான் தேடுவது
இடது மேலறையின் ஓரம் மடிந்து கிடக்கும் சிறு பை.
பார்க்கக் காது மாதிரி. நாங்கள் காது என்றே சொல்வோம்.
மேலறை ஒழுங்காகச் சுருங்கினால்
அதுவும் தன்னைப் பிழிந்து காலிசெய்துகொள்ளும்.
இவருடையது சுருங்கவில்லை,
வேலிக் கம்பியில் மாட்டிய பொலித்தீன் பைபோல்
படபடக்கிறது.
அவ்வளவு அசைவு. ஒரு சொட்டும் தள்ளவில்லை.

உள்ளே வெள்ளையாய் ஏதோ சுழல்கிறது, மிக மெதுவாக.
"புகை," என்கிறார் டொக்டர்.

அரைமயக்கத்தில் அது மட்டும் கேட்டிருக்கிறது.
"பீடிகூடத் தொட்டதில்லை பிள்ளை, என்ன புகை?"

வெள்ளவத்தை வாய்க்காலைச் சொன்னேன்.
கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்த மாதங்களில்
பாலத்தடியில் தண்ணீர் ஆடைகட்டுமே, அதை.
நின்ற இரத்தமும் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும்.
இன்னும் கட்டியில்லை;
வந்தால் ஒரு குண்டுமணி போதும்,
கழுத்தேறி மூளையில் போய் அடைக்க.

"குண்டுமணிக்கு விலை சொல்லுகிறவன் நான்,"
என்றார். சிரிக்கவில்லை.

மகன் கேட்டான்:
ஷொக் கொடுத்து இப்பவே ஓடவைத்தால் என்ன?
டொக்டர் தலையாட்டவில்லை.
முதலில் வார்ஃபரின். வாரங்கள் போகட்டும்.
அவசரத்தில் இதயம் சரியாகச் சுருங்கத் தொடங்கினால்
தங்கியிருப்பது கிளம்பிவிடும்.

இப்போது இரத்தம் சோதிக்க வருகிறார்.
வல்லாரைச் சம்பலுக்கும் கணக்கு வைத்திருக்கிறார்,
ஒருநாள் கூட, ஒருநாள் குறைய என்றில்லாமல்.
காலையில் கண்ணாடி முன்
ஒருமுறை சிரித்துப் பார்ப்பாராம்.
வாய் கோணவில்லையென்றால்
இரு கையையும் உயர்த்தி,
"பவுண்" என்று சத்தமாய்ச் சொல்லிவிட்டுக்
கடைக்குப் புறப்படுவாராம்.
மனைவிக்கு இன்னும் பழகவில்லை.

நேற்று வேலை முடிந்து இறங்கியபோது
வாய்க்கால் முகத்தில் பெக்கோ ஒன்று மணலை வெட்டியது.
பாலத்தில் நின்று பார்த்தேன்.
தண்ணீர் பாயும் என்று நினைத்தேன்.
முதலில் நகர்ந்தது
பாசி பிடித்த ஒற்றைச் செருப்பு.