மணிக்கணக்கு

மார்த்தாண்டத்திலிருந்து அனிஷ் வந்தான்,
ஸ்குரூ டிரைவர், துணி, ஒரு பென்டிரைவ்.
நாலு மானிட்டர். ரெண்டு பங்கு.
கருங்கல் சந்திப்பில் பதினொரு வருசம் ஓடிய டிடிபி கடைக்கு
இன்றோடு ஷட்டர்.

வில்பின் சுவரில் சாய்ந்து நின்றான்.
பில் புத்தகம் என் மடியில்.
நாங்கள் பேசி மூன்று வாரம்;
அனிஷ்தான் இப்போது இருவருக்கும் வாய்.

முதலில் குண்டு மானிட்டர்.
கடை திறக்கும்போதே பழசு,
மூடிய டியூஷன் சென்டரில் அறுநூறுக்கு எடுத்தது.
சுவிட்சைப் போட்டதும் 'டங்' என்று ஒரு குலுக்கம்,
என் கை மயிரெல்லாம் அதன் பக்கம் எழுந்தது.
"இது சாவாது, கேட்டியளா அக்கா," என்றான்.
"ஆனா வாங்க ஆளில்ல.
உள்ள செம்பு கெடக்கு. நூத்தம்பது எழுதுங்க."
சாகாததற்கு நூற்றைம்பது.
எழுதினேன்.

அடுத்தது முதுகில் குழல்விளக்கு எரியும் எல்சிடி.
குழலுக்கு வயசாகி
வெள்ளையெல்லாம் மஞ்சள்.
மஞ்சளை அடிக்க நான் நீலம் கூட்டிக் கூட்டி
அதில் வெள்ளையென்று நம்பி அனுப்பிய
முதல் திருவிருந்து கார்டு
சிவகாசியிலிருந்து திரும்பி வந்தது,
பிள்ளையின் உடுப்பு, கையுறை, மெழுகுதிரி எல்லாம் நீலமாக.
ஐந்நூறு கார்டு.
அந்த நஷ்டம் யார் கணக்கில் என்பதுதான்
எங்கள் முதல் சண்டை.
"பைசா பெறாது."
பூஜ்யம் போட்டேன். வில்பின் இருமினான்.

மூன்றாவது எல்இடி.
முப்பதாயிரம் மணி நேரம் என்று அட்டைப் பெட்டியின் வாக்கு.
ரெண்டு பட்டனைச் சேர்த்து அனிஷ் அழுத்த
நான் பார்த்தேயிராத மெனு ஒன்று திறந்தது.
எரிந்த நேரம்: 19,412.
"இன்னும் பத்தாயிரம் ஓடும்,
தேங்காப்பட்டணத்து உப்புக்காத்து பின்ன தின்னாம,
ஐப்பசி இடி லைன்ல எறங்காம இருந்தா."
ரெண்டாயிரத்து இருநூறு.
அவன் சொன்ன இரண்டு 'இருந்தா'வுக்கும்
கழிவு போடவில்லை.

கடைசியில் ஓஎல்இடி.
திருவனந்தபுரத்தில் கடனுக்கு எடுத்தது, நாற்பத்தெட்டாயிரம்.
அதன் கறுப்பு கறுப்பாகவே இருக்கும்.
கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் செய்யும்போது
செத்தவர் நிஜமான ராத்திரிக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பார்.
ஒவ்வொரு புள்ளியும் தானே எரிவது,
எரிந்த அளவுக்குத் தேய்வது.

மெனு சொன்னது: 11,860.

பில் புத்தகத்தைப் பிரித்தேன்.
வாங்கி மூன்று வருசம். நாளுக்கு ஒன்பது மணி நேரம்.
ஞாயிறு கோயில், கடை லீவு.
எப்படிப் பெருக்கினாலும் எட்டாயிரத்து ஐந்நூறு வராது.
மிச்சம் மூவாயிரத்துச் சொச்சம் எரித்தது யார்?
கரண்ட் பில்லில் பாதி கட்டியவள் நான்.
கேட்க வாயைத் திறந்தேன்.

அதற்குள் அனிஷ் பென்டிரைவைச் செருகி
திரை முழுக்கச் சாம்பல் நிறம் விட்டான்.
மங்கலாக எழுந்து வந்தது எங்கள் பிழைப்பு:
இடப்பக்கம் டூல்பார், மேலே மெனு,
எழுத்துரு தேர்கிற பட்டை.
வலது கீழ்மூலையில் மட்டும்
சீட்டு ஒன்றின் அளவில் ஒரு கட்டம்,
எங்கள் எந்த சாஃப்ட்வேரிலும் இல்லாதது.

"வீடியோ கால்," என்றான் அனிஷ்.
"நம்ம மொகம் நமக்குத் தெரியுமே, அந்தக் கட்டம்."

வில்பின் பூட்டைப் பார்த்தான்.
ஷிஜிமோள் குவைத்தில் நர்ஸ்.
டியூட்டி முடிந்து அவள் அறைக்கு வர
இங்கே ராத்திரி ரெண்டு மணி.
முகம் அசையும், பதியாது.
அசையாத கட்டம்தான் பதிந்திருக்கிறது.

"ஒம்பதாயிரம் போடலாம். யாரு பங்கு?"
"ஏழு போடு," என்றேன். "அவன் பங்கு."
அனிஷ் என்னைப் பார்த்தான். ஏழு போட்டான்.
நீலக் கார்டு காசு வேறு.
அதை நான் இன்னும் விடவில்லை.

என் பங்கோடு குண்டு மானிட்டரும் வந்தது.
தூக்க ரெண்டு ஆள்.
பாலூருக்கு ஆட்டோக்காரர்
கனத்தைப் பார்த்து
நூற்றெண்பது கேட்டார்.