நான்காம் காலாண்டு

ஏரிக்கு அடியில் ஒரு காடு நிற்கிறது.
அணை கட்டியபோது வெட்டாமல் விட்ட மரங்கள்.
அவற்றின் கிளைகளில் வலை மாட்டிக்கொள்ளும்.
மூச்சடக்கிப் போய் விடுவிக்க
சின்ன விரல்கள் வேண்டும்.

யேஜித் துறையிலிருந்து மூன்று மணி நேரம்.
படகில் பெட்ரோல், பிஸ்கட், நான்கு மிதவைச் சட்டைகள்,
நன்கொடையாளர் சின்னம் போட்ட தொப்பிகள்.
தொப்பியைக் கழற்று என்பான் காஃபுயி.
அதைக் கண்டால் பையன்களை
நாணலுக்குள் தள்ளிவிடுவார்கள்.

போலீசோடு போன வருடம் கல் விழுந்தது.
இப்போது உட்கார்ந்து மீன் விலை பேசுகிறோம்.
நான்காவது முறை போகும்போதுதான்
பையன் என்ற சொல்லை எடுப்போம்.

அக்பெகோ வலை தைத்துக்கொண்டே சொன்னான்:
"அவன் அம்மாவுக்குக் கொடுத்தாயிற்று.
நான்கு வருடம் முடிந்தால்
ஒரு கிடாரிக் கன்றும் உண்டு."
பிறகு, யாரும் கேட்காமலே,
இடது காதைத் திருப்பிக் காட்டினான்.
"இதில் கேட்காது. ஆழத்தில் போனது.
அப்போது எனக்கு எட்டு வயது.
என்னைத் தேடி
எந்தப் படகும் வரவில்லை."

பிஸ்கட் பாக்கெட்டை
அவன் பக்கம் நகர்த்தினேன். வேறென்ன செய்ய.

படிவத்தை முழங்காலில் வைத்துப் பையனைக் கேட்டேன்.
ஊர்? கடல் இருக்கும்.
வயது? பல்லைப் பார்த்து ஒன்பது போட்டேன்.
பெயர்?
வெகுநேரம் கழித்து, தண்ணீரிடம் சொல்வதுபோல்,
"எட்சே."

எங்கள் ஏவே மொழியில்
அது தனியாக நிற்கிற பெயர் இல்லை.
இரட்டையில் பின்னால் வந்தவன் எட்சே.
முன்னால் வந்தவன் ஆட்சு.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

"ஆட்சு எங்கே?"

அக்பெகோவின் ஊசி நின்றது.
பையன் கையை நீட்டினான்.
எதிர்த் தீவையா,
இந்தப் பக்கம் மரநுனிகள் எட்டிப் பார்க்கும் நீரையா,
ஹர்மட்டான் புழுதியில்
விரல் போய் முடிந்த இடம் தெரியவில்லை.
"இவனைக் கூட்டிப் போ," என்றான் அக்பெகோ.
"மற்றதைக் கேட்காதே."

இரவு, ஜெனரேட்டர் அணைவதற்குள்
அறிக்கை போக வேண்டும்.
இலக்கு: பத்து.
மீட்கப்பட்ட சிறார்: ஏழு.
ஏழை அடித்தேன். மறுபடி ஏழு என்று எழுதினேன்.

பின்னறையில் எட்சே
பாயின் ஓர் ஓரமாகத் தூங்குகிறான்,
மறுபாதியைத் தொடாமல்.

காஃபுயி கேனைக் குலுக்கிக் காது வைத்துக் கேட்டான்.
எதிர்த் தீவுக்குப் போகக் காணும்.
திரும்பி வருவதற்கு
அவன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.